செவிலியர் பயிற்சியும் செயற்கை நுண்ணறிவும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

     

கற்றறிந்த புலவர்களும் பேராசிரியர்களும் நின்று பேசிய இம்மேடையில் இவ்வாண்டு எம்மையும் ஏற்றி வைத்துள்ளீர்கள். யாம் மெட்ரிக் தேர்வோடு படிப்பை நிறுத்தினோம். தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானமையால், இந்த நாகபுரியில் இரயில்வே எழுத்தராக அமர்ந்தோம். விடுப்புக் கணக்கும் பணிப்பதிவேடும் எமக்குத் தெரியும், மருத்துவம் தெரியாது, கணிப்பொறி நூலும் கற்றோமில்லை. அவ்வாறாயின் இத்தலைப்பை ஏன் எடுத்துக் கொண்டோம் என்று கேட்பீர்கள். எம் இல்லத்தில் எழுந்த ஒரு கேள்வியே காரணம். அக்கேள்வி அஜ்னி காலனியில் எம் வீட்டில் மட்டும் எழுந்ததன்று. பெண்மக்களைச் செவிலியர் கல்லூரிக்கு அனுப்பியுள்ள வீடுகள் பலவற்றிலும் எழுந்திருக்கும்.

எம் மகள் செவிலியர் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு பயில்கிறாள். வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணம் எடுத்தே முதலாண்டுக் கட்டணம் செலுத்தினோம். சென்ற தீபாவளி விடுமுறையில் அவள் எம்மை நோக்கி, “அப்பா, நோயாளியின் நாடியையும் மூச்சையும் யந்திரமே கணக்கிடுகிறது, எக்ஸ்ரே படத்தையும் யந்திரமே படிக்கிறது. நான் படித்து முடித்து வெளியே வரும்போது எனக்கு வேலை இருக்குமா?” என்று வினவினாள். எமக்கு விடை தெரியவில்லை. தொலைபேசியில் எம் மைத்துனரைக் கேட்டோம். “உடனே நிறுத்திவிட்டுக் கணிப்பொறிப் படிப்பில் சேர்த்துவிடுங்கள், அத்தான்” என்றார் அவர். எம் மனமும் பாதி அப்பக்கம் சாய்ந்துவிட்டது. பின்னர் நடந்தவற்றையும், யாம் தேடிப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையும் இன்று உங்கள்முன் வைக்கிறோம். குற்றம் இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

யந்திரம் எங்கே வந்துவிட்டது?

செயற்கை நுண்ணறிவு என்பது மாயமும் அன்று, மந்திரமும் அன்று. இலட்சக்கணக்கான பழைய பதிவுகளைப் பார்த்து, அவற்றில் மீண்டும் மீண்டும் தோன்றும் ஒழுங்கைக் கண்டறிந்து, புதிதாக ஒன்று வரும்போது இது இன்னதாக இருக்கலாம் என்று கணித்துச் சொல்லும் கணக்குமுறையே அது. நம் தாத்தாமார் வானத்தைப் பார்த்து மழை சொன்னார்கள். அவர்கள் ஐம்பது ஆண்டு வானத்தைப் பார்த்திருந்தார்கள். யந்திரமோ உலகெங்கும் உள்ள வானத்தை ஒரே இரவில் பார்த்துவிடுகிறது. வேற்றுமை இவ்வளவே.

காசநோயைக் கண்டறியப் பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் மார்பு எக்ஸ்ரே படத்தை இவ்வகை யந்திரமே படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரை செய்தது. 2024 டிசம்பர் 7-இல் நம் நாட்டில் தொடங்கிய நூறு நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தில், கையில் தூக்கிச் செல்லத்தக்க எக்ஸ்ரே கருவிகள் இந்நுண்ணறிவோடு சிற்றூர்களுக்குச் சென்றன. படம் படிக்கும் மருத்துவர் இல்லாத ஊரில் இருமிக்கொண்டிருக்கும் ஓர் ஏழைக்கு இது பேருதவி என்பதை யார் மறுக்க இயலும்? ஆகவே இதைப் பழிப்பது எம் நோக்கமன்று.

எம் அலுவலகம் கற்பித்த பாடம்

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவது நல்லது. இரயில்வே ஊழியர்க்கு உரிய இலவசப் பயணச் சீட்டை, நாம் ‘பாஸ்’ என்று சொல்வதை, முன்பு கையால் எழுதிக் கொடுத்தோம். 2020-இல் அது கணிப்பொறிக்கு மாறியது. இனி எழுத்தர் எதற்கு என்று அந்நாளில் பலரும் பேசிக்கொண்டனர். யாமும் உறக்கமின்றிக் கிடந்தோம். நடந்தது என்ன? எழுதும் வேலை போயிற்று. ஆனால் குடும்ப விவரங்களைச் சரிபார்க்கும் வேலை முன்னிலும் பெருகிற்று.

அப்போது யாம் செய்த ஒரு பிழையை மறைக்காமல் சொல்கிறோம். நம் தமிழர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையார் பெயரின் முதலெழுத்தே உண்டு. ஓர் ஊழியரின் பெயரில் அந்த முதலெழுத்தை விரித்தெழுதும்போது தந்தை பெயரை மகன் பெயராகவும் மகன் பெயரைத் தந்தை பெயராகவும் மாற்றிப் பதிந்துவிட்டோம். பழைய பதிவேடாக இருந்தால் அப்பிழை அந்த ஒரு பக்கத்தோடு கிடந்திருக்கும். யந்திரமோ எம் பிழையைச் சிறிதும் மாற்றாமல் போகுமிடமெல்லாம் கொண்டு சென்றது. அதைத் திருத்த நான்கு மாதம் ஆயிற்று. யந்திரத்தின் அறிவு அதற்கு ஊட்டியவர் கையில் இருக்கிறது என்பதை அன்று கற்றோம்.

மாணவியர் மனநிலை

எம் மகளின் தோழியர் எண்மர் பொங்கல் அன்று எம் இல்லத்துக்கு விருந்துண்ண வந்தனர். மராட்டியப் பெண்கள் நால்வர், மலையாளத்துப் பெண்கள் மூவர், சத்தீஸ்கரிலிருந்து வந்தவள் ஒருத்தி. இலை போட்டுப் பரிமாறிக்கொண்டே அவர்களைக் கேட்டோம். ஒருத்தி, “குறிப்பெழுதிக் குறிப்பெழுதியே கை ஓய்கிறது, அதை யந்திரம் எழுதினால் நான் நோயாளியின் அருகில் இருப்பேன்” என்றாள். மற்றொருத்தி, “யந்திரம் ஒன்று சொல்லி, என் கண் வேறொன்று சொன்னால், நான் எதை நம்புவது? தவறு நேர்ந்தால் குற்றம் யார் தலையில் விழும்?” என்றாள். “தேர்வுக்கு வரும் பாடத்தையே படிக்க நேரமில்லை” என்று சொல்லி ஒருத்தி பாயசம் கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் இந்த மூன்று விடைகளுக்குள் உலகமே அடங்கியிருக்கிறது என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

இம்மனநிலையை அளப்பதற்கென்றே அறிஞர்கள் அளவுகோல் செய்துள்ளனர். 2020-இல் இங்கிலாந்தில் இருபது கூற்றுகள் கொண்ட ஒன்றை வகுத்தனர். பன்னிரண்டு கூற்றுகள் விருப்பத்தையும் எட்டுக் கூற்றுகள் அச்சத்தையும் அளக்கும். 2021-இல் துருக்கி நாட்டில் மருத்துவ மாணவர்க்காக இருபத்திரண்டு கூற்றுகள் கொண்ட மற்றொன்று செய்தனர். அது விருப்பத்தை அளப்பதில்லை, ஆயத்தத்தை அளப்பது. இவற்றைக் கொண்டு பல நாடுகளில் செவிலியர் மாணவரையும் வினவியுள்ளனர். பொதுவாகத் தெரிய வருவது இது: மாணவர் பெரும்பாலோர் யந்திரத்தை வெறுக்கவில்லை, வரவேற்கின்றனர். ஆயின் அதை முறையாகக் கற்றவர் சிலரே. வரவேற்பு மிகுதி, ஆயத்தம் குறைவு. பந்தல் போட்டாயிற்று; உலை வைக்கவில்லை என்று நம் ஊரில் சொல்லலாம்.

துருக்கி அறிஞர்கள் ஆயத்தத்தை நான்காகப் பகுத்தனர்: அறிவு, திறன், தொலைநோக்கு, அறநெறி. அந்த வரிசையிலேயே யாமும் சொல்லிச் செல்கிறோம்.

முதலாவது, அறிவு

செவிலியர்க்குக் கணக்கு எதற்கு என்று கேட்பவர் உண்டு. கிரிமியப் போரில் விளக்கேந்திச் சென்ற நைட்டிங்கேல் அம்மையாரை அறியாதார் இல்லை. போர்வீரர் பலர் காயத்தால் இறக்கவில்லை, தடுக்கக்கூடிய நோயால் இறந்தனர் என்பதை வண்ணப் படமாக வரைந்து, 1858-இல் ஆட்சியாளர் கண்முன் வைத்தவரும் அவரே. விளக்கும் கணக்கும் அவர் கையில் சேர்ந்தே இருந்தன.

நம் நாட்டிலும் இந்தியச் செவிலியர் மன்றம் 2021-இல் வெளியிட்ட புதிய பாடத்திட்டத்தில், மருத்துவத் தகவலியலும் தொழில்நுட்பமும் முதலாண்டிலேயே ஒரு பாடமாக வைக்கப்பட்டுள்ளன. கதவு திறந்திருக்கிறது. அப்பாடத்தைத் தேர்வுக்காக மனனம் செய்யாமல், யந்திரம் எதைப் பார்த்துக் கற்றது, எதைப் பார்க்கவில்லை என்று கேட்கும் பழக்கத்தை நம் பெண்கள் கற்க வேண்டும்.

இரண்டாவது, திறன்

இதற்கு ஓர் அரிய சான்று உண்டு. நம் தமிழ்நாட்டுக்கும் அதில் பங்குண்டு. நீரிழிவால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்தே கண்டறியும் யந்திரம் ஒன்றைக் கூகுள் நிறுவனத்தார் உருவாக்கி, 2016-இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். அதற்குப் பாடமாக அமைந்த 1,28,175 படங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் தந்தவையும் இருந்தன. கண் மருத்துவர்க்கு ஒப்பாக அது கணித்தது.

பின்னர் தாய்லாந்து நாட்டில் பதினொரு மருத்துவ நிலையங்களில் அதைப் பயன்படுத்திப் பார்த்தனர். அங்கே படம் எடுத்தவர்கள் செவிலியர். இருட்டறை எல்லா நிலையங்களிலும் இல்லை, வெளிச்சம் புகுந்தது, படம் மங்கிற்று. முதல் ஆறு மாதங்களில் 1,838 படங்களை யந்திரத்துக்குக் காட்டினர். அவற்றில் நூற்றுக்கு இருபத்தொன்றைப் படிக்கத் தகாதவை என்று அது தள்ளிவிட்டது. சில இடங்களில் இணையத் தொடர்பும் மெதுவாக இருந்தது. வரிசையில் நோயாளிகள் காத்திருந்தனர். படம் தள்ளப்பட்டவரை வேறு மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர் இன்னொரு நாளை இழக்க வேண்டும். அவர்க்கு முகங்கொடுத்து விளக்கம் சொன்னவரும் செவிலியரே. இவை 2020-இல் வெளிவந்த செய்திகள். ஆய்வுக்கூடத்தில் வென்ற யந்திரம் ஊருக்குள் வந்து செவிலியரின் கையையும் சொல்லையும் எதிர்பார்த்து நின்றது. அக்கைத்திறனே நம் மாணவியர் கற்க வேண்டுவது.

மூன்றாவது, தொலைநோக்கு

தொலைநோக்கு என்பது யந்திரத்தின் வலிமையோடு அதன் எல்லையையும் முன்னறிவது. குருதியில் தொற்றுப் பரவி உயிரைக் குடிக்கும் ‘செப்சிஸ்’ என்னும் கொடுமையை முன்கூட்டியே எச்சரிக்கும் யந்திரம் ஒன்று அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் இயங்கியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் தம் மருத்துவமனையில் 38,455 சேர்க்கைகளின் பதிவுகளை வைத்து அதைச் சோதித்து, 2021-இல் முடிவை வெளியிட்டனர். அந்நோய் கண்டவருள் நூற்றுக்கு அறுபத்தேழு பேரை யந்திரம் தவறவிட்டது. ஆயினும் மருத்துவமனையில் சேர்ந்தவருள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு மணி அடித்தது. வேண்டும்போது ஒலிக்காமல் வேண்டாதபோது ஒலிக்கும் மணியை எத்தனை நாள் ஒரு செவிலி ஓடி ஓடிக் கேட்பாள்? ஒரு நாள் கேளாதவள் போல் இருந்துவிடுவாள். அன்றைக்கு அது உண்மை மணியாக இருக்கும்.

வேலை பற்றிய அச்சமும் இப்பகுதியைச் சேர்ந்தது. யந்திரத்தைக் காட்டிச் செவிலியர் எண்ணிக்கையைக் குறைக்க எண்ணும் நிர்வாகம் இராது என்று யாம் உறுதி கூற மாட்டோம். 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் செவிலியர் திரண்டு, நோயாளியின் நலனைக் கருதாமல் யந்திரத்தைப் புகுத்தாதீர் என்று முழங்கினர். எந்த யந்திரம், எங்கே, எவ்வாறு என்று முடிவு செய்யும் அவையில் தமக்கும் இடம் வேண்டும் என்பதே நியாயம். அந்த இடத்தைக் கேட்டுப் பெறப் பொருள் தெரிந்த செவிலியரால் மட்டுமே இயலும்.

நான்காவது, அறநெறி: எம் தாயார் நிகழ்ச்சி

அன்பர்களே! இனிச் சொல்லப் போவது எம் குற்றம். சொல்ல நாணமாக இருக்கிறது. எனினும் பிறர்க்குப் பயன்படுமாயின் நாணம் பெரிதன்று.

எம் தாயார்க்கு எழுபத்துநான்கு வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்கிறார். சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருக்கிறது என்று ஈராண்டுக்கு முன் மருத்துவர் சொன்னதுண்டு. அச்சீட்டு அலமாரியில் எங்கோ கிடந்தது. பொங்கல் கழிந்த வாரத்தில், குளிர்மிக்க ஓரிரவில், அவர்க்கு முழங்கால் வலி தாங்க முடியாமல் போயிற்று. கைப்பேசியில் உரையாடும் நுண்ணறிவு யந்திரத்தைக் கேட்டோம். அழகிய தமிழில், மாத்திரையின் பெயரும், அளவும், உணவுக்குப் பின் என்ற குறிப்பும் எழுதிக் காட்டிற்று. மருத்துவரைக் கலந்துகொள்க என்று இறுதியில் ஒரு வரியும் இருந்தது. அந்த வரியை யாம் படித்தோம், மதிக்கவில்லை. பிழையற்ற தமிழில் எழுதியது பிழையற்ற மருத்துவமாகவும் இருக்கும் என்று நம்பிவிட்டோம். மறுநாள் காலை கடையில் வாங்கி, இரண்டு நாள், நாளொன்றுக்கு மூன்று வேளை கொடுத்தோம். வலி குறைந்தது. எம் அறிவை யாமே மெச்சிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விடுதியிலிருந்து மகள் வந்தாள். வாயிற்படியில் நின்றவாறே பாட்டியின் காலைப் பார்த்தாள். அருகில் அமர்ந்து கணுக்காலின்மேல் பெருவிரலால் அழுத்தினாள். எடுத்த பின்னும் அங்கே குழி நின்றது. “பாட்டி, நேற்றிலிருந்து எத்தனை முறை சிறுநீர் கழித்தீர்கள்?” என்று கேட்டாள். எம் தாயார் வெட்கத்தோடு, “ஒருமுறைதான் கண்ணே” என்றார். இரண்டு நாளாக உடனிருந்த மகன் கேட்காத கேள்வி அது. “அப்பா, புதிதாக என்ன மாத்திரை கொடுத்தீர்கள்? பழைய இரத்தப் பரிசோதனைச் சீட்டு எங்கே?” என்றாள். சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்ததும் அவள் முகம் மாறிற்று. அவ்வகை வலி மாத்திரை தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். சிலவகை இரத்த அழுத்த மாத்திரையோடு சேரும்போது கேடு இன்னும் மிகும் என்றாள். அரைமணி நேரத்தில் மருத்துவமனையில் இருந்தோம். ஒன்பது நாள் அங்கே இருந்தார். இன்று முன்வரிசையில் உங்களோடு அமர்ந்திருக்கிறார், இறைவனுக்கு நன்றி.

இல்லம் திரும்பிய பின் யந்திரத்தைத் திட்டித் தீர்த்தோம். மகள் தடுத்தாள். எம் கைப்பேசியை வாங்கி, அதே கேள்வியைப் பாட்டியின் வயது, சிறுநீரகத் தளர்ச்சி, உண்ணும் மாத்திரைகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டாள். இவ்வகை மாத்திரை வேண்டா, மருத்துவரிடம் செல்க என்று அதே யந்திரம் தெளிவாகச் சொல்லிற்று. “நீங்கள் சொல்லாததை அது கேட்கவில்லை, அப்பா. கேட்பது எங்கள் வேலை” என்றாள். தீபாவளியன்று அவள் எம்மிடம் கேட்ட கேள்விக்கு அவளே விடை சொல்லிவிட்டாள் என்று எமக்குத் தோன்றிற்று.

அவள் மேலும் ஒன்று செய்தாள். கேள்வியை எழுதும்போது பாட்டியின் பெயரையோ, மருத்துவமனைப் பதிவு எண்ணையோ எழுதவில்லை. நோயாளியின் மறையைப் பிறர் கையில் கொடுக்கலாகாது என்று கல்லூரியில் கற்றதாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் இந்நுண்ணறிவுக்கென வகுத்த பத்து நெறிகளில் நோயாளியின் உரிமை, பாதுகாப்பு, மறைகாத்தல், பொறுப்பேற்றல் ஆகியவை இடம்பெற்றுள்ளன. குற்றம் யார் தலையில் விழும் என்று பொங்கலன்று கேட்ட பெண்ணின் அச்சம் பொருளற்றதன்று. நாடே அக்கேள்வியை எண்ணிக் கொண்டிருக்கிறது.

வள்ளுவர் பெருமான் மருந்து என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்காக வகுத்தார்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர். யந்திரம் மருத்துவர்க்குத் துணையாகலாம். மருந்தையும் தேர்ந்து சொல்லலாம். அந்த நான்காமவர் இல்லாமல் மருத்துவம் நிறைவுறாது என்பது அப்பெரியார் கருத்து.

நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை

வீட்டுக்கு ஒரு தாளில், முதியோர் உண்ணும் மாத்திரைகளையும், பழைய நோய்களையும், ஒவ்வாத மருந்துகளையும் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டி வையுங்கள். எமக்கு அத்தாள் இருந்திருந்தால் ஒன்பது நாள் துன்பம் இராது.

செவிலியர் படிப்பில் உள்ள பெண்ணை யந்திரத்துக்கு அஞ்சிப் பாதியில் நிறுத்தாதீர்கள். எத்தனை வேலை இருக்கும் என்று கணக்குச் சொல்ல எம்மால் ஆகாது. குறிப்பெழுதும் வேலை குறையலாம். ஆனால் காலை அழுத்திப் பார்க்கும் கைக்கும், கேட்க வேண்டியதைக் கேட்கும் வாய்க்கும் தேவை குறையாது என்பதை எம் வீட்டில் கண்டோம்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம் முதியோர் வலியைத் தமிழில்தான் சொல்கிறார்கள். ‘குடைகிறது’, ‘சுரீர் என்கிறது’, ‘நெஞ்சைக் கரிக்கிறது’ என்று அவர்கள் சொல்வதை இவ்வூர் மருத்துவமனையில் யார் அறிவார்? ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இச்சொற்களைத் தொகுத்து, இந்தியிலும் மராத்தியிலும் பொருள் எழுதி ஒரு சிறு சுவடியாக்குவோம். நம் மகளிர் அதை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லட்டும். யந்திரத்துக்கும் நாளை அது பாடமாகலாம். ஊட்டுபவர் நாமாக இருப்போம்.

எம் மகள் படிப்பைத் தொடர்கிறாள். மைத்துனர்க்கும் எழுதிவிட்டோம்.